முப்பத்தொன்றாம் தேதிக் கிணறு

காலையில் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தேன். அடியில் முப்பத்தொன்று. மோட்டார் ரூமுக்குக் கிளம்பியவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வடகரப்பதியில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக ஒரே கிணறு. தேதியை இரண்டால் வகுத்து ஒன்று மிஞ்சினால் அப்பாவின் முறை, எதுவும் மிஞ்சாவிட்டால் சித்தப்பாவின் முறை. இப்படிப் பிரித்துக்கொண்ட முதல் மாதத்துக்கு முப்பது நாள்தான், சண்டையில்லை. அடுத்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி அப்பா தண்ணீர் பாய்ச்சினார். மறுநாள் ஒன்றாம் தேதியும் அவரே பாய்ச்சினார். இரண்டுக்கும் மிச்சம் ஒன்றுதானே.

"ஏனுங்கண்ணா, நேத்தும் நீங்க, இன்னைக்கும் நீங்களா?" என்று சித்தப்பா வரப்பில் நின்று கேட்டார்.

"ரெட்டப்படை வேணும்னு நீதானடா கேட்டே?" அப்பா மண்வெட்டியிலிருந்து நிமிரவில்லை.

சித்தப்பா பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். முப்பத்தொன்றாம் தேதி கிணற்றை யாருமே தொடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மழை பொய்த்த வருஷம் இருவரின் தக்காளியும் கருகியது. அப்போதும் முப்பத்தொன்றாம் தேதியன்று கிணற்றில் தண்ணீர் ஊறிக் கிடந்தது. ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது இருவரும் இல்லை. இரண்டு தோட்டமும் என்னுடையது.

"ஏனுங்கக்கா, மோட்டர் போடுலீங்களா? செடி வாடுதுங்க" என்றான் வேலைக்கு வந்த மருதாசலம்.

"நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றேன். "நாளைக்கு எங்கப்பா முறை."