மருமகனின் காரைத் தேய்த்த காலை

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

கல்யாணத்துக்குப் பிறகு மருமகன் முதன்முதலாக ஜவ்வாது மலைக்கு, எங்கள் வீட்டுக்கு, பெரிய கார் ஒன்றில் மகளோடு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இரும்பு இல்ல அத்தே, பாடி முழுக்க அலுமினியம். எடை கம்மி, துருவே புடிக்காது," என்றார்.

நான் தேய்க்காத அலுமினியமா! மறுநாள் விடிந்ததும், புழுதி படிந்த காரின் முன்பக்கத்தைச் சோற்றுக்குண்டானைப் போலச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றினால், புழுதியோடு பளபளப்பும் போய், வட்டவட்டமாகக் கீறல்கள். முந்தானையால் துடைத்தேன், எண்ணெய் தடவினேன். போகவே இல்லை.

"ஐயோ, இன்னாம்மா பண்ணிட்ட! ஒரு கோடு வுழாம வெச்சிருந்தாரே," என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். இந்தக் கோபத்தை மருமகன் அவள்மேல் காட்டுவாரோ என்று பயந்தேன்.

மருமகன் வந்தார். கீறல்களைத் தடவினார். பிறகு என் கையிலிருந்த நாரைப் பார்த்தார்.

"இன்னா அத்தே, பின்பக்கத்த மட்டும் வுட்டுட்டீங்க?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

பெயின்ட் அடிக்கச் சொல்லி மகள் இன்றும் நச்சரிக்கிறாள். அவர் கேட்பதில்லை. கார் வந்து நின்றால், "வாங்க" என்று சொல்வதற்கு முன் என் கண் அந்தக் கீறல்களுக்குத்தான் போகிறது.