பெயரோடு வந்த விபத்துக் கணக்கு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அதன்மேல்தான் அவள் கால் சதா இருக்கும். "காலுக்குத்தான் பிரேக், வாய்க்குக் கிடையாது" என்பார் அவள் புருஷன். அவர் எலெக்ட்ரீஷியன். வீட்டில் அவருக்குப் பேச வாய்ப்புக் கிடைப்பதே கரண்ட் போகும்போதுதான் என்று அவளும் பதிலுக்குச் சொல்வாள்.

வாய் நீளமே தவிர மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் பேரன் எடுத்த பெரியவர்களும் அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டே ஓட்டக் கற்றார்கள். "கிளட்ச் என்ன உங்க மாமியாரா, இப்படி மிதிக்கிறீங்க?" என்று அவள் கேட்டால் பின் சீட்டில் காத்திருக்கும் அடுத்த ஆளும் சேர்ந்து சிரிப்பான்.

ஊரில் அவளுக்குப் பிடிக்காத இடம் ஒன்றே ஒன்று. மார்க்கெட் முக்கு. பெரிய கிடங்குச் சுவர் ஒன்று சாலையை மறைத்துக்கொண்டு நிற்கும். வலப்பக்கம் திரும்புகிறவனுக்கு எதிரே வரும் லாரி, மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரியும். அவளுடைய பயிற்சிக் காரையே ஒருமுறை லாரி உரசிக்கொண்டு போய், பக்கக் கண்ணாடியைப் பெயர்த்து எறிந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவள் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், அந்த முக்கில் இதுவரை எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஆபீஸ் உள் விஷயம்மா" என்றார் அதிகாரி.

"ரத்தம் ரோட்டுல சிந்துது, கணக்கு மட்டும் உள் விஷயமா சார்?"

அந்த ஒரு பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. முக்குக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடிவருவது அவர் கடைக்குத்தான். அவருக்குக் கம்ப்யூட்டரும் கொஞ்சம் தெரியும். "கணக்கை மட்டும் கொடுத்தாங்கன்னா, எந்த முனையில எத்தனைன்னு மேப்ல போட்டு ஜனங்களுக்குக் காட்டிடலாம்கா" என்றார். இருவரும் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினார்கள். மக்கள் பணத்தில் சேர்த்த தகவல் மக்களுக்குத் திறந்திருக்கவேண்டும் என்று துண்டுச்சீட்டு அடித்துக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் அலுவலகம் அசைந்து கொடுக்கவில்லை. பிரேக் அக்காவும் விடுவதாக இல்லை. அவளைக் கண்டாலே காவலாளி கேட்டை இழுத்துச் சாத்துகிற அளவுக்குப் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். மெல்லிய குரல். புத்தகம் கேட்டு வருகிறவர்களிடம் பேசிப் பேசி அப்படி ஆகியிருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். முதல் நாளே அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கியர் போடும் கை தடுமாறவில்லை. கிளட்ச்சிலிருந்து கால் பூப்போல எழுந்தது.

"நீ முன்னாடியே ஓட்டியிருக்க. எங்கிட்டயே மறைக்கிறியா?"

"கொஞ்சம் ஓட்டியிருக்கேன்கா. விட்டுப்போச்சு."

ஆனால் இரண்டு விஷயம் அவளிடம் விசித்திரமாக இருந்தது. மார்க்கெட் முக்குப் பக்கம் வரவே மாட்டாள். சுற்றிக்கொண்டாவது வேறு வழியில் போவாள். இன்னொன்று, ஏறி உட்கார்ந்ததும் நடுக் கண்ணாடியை மேலே திருப்பிவிடுவாள். பின் சீட்டே தெரியாது, காரின் கூரைதான் தெரியும். "பின்னாடி தெரியணும்மா, அதுக்குத்தானே கண்ணாடி" என்று அக்கா ஒவ்வொரு தடவையும் இறக்கிவிடுவாள். அந்தப் பெண்ணின் நெற்றியில் வியர்வை துளிர்க்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அக்கா ஒரு பெரியவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது மருந்துக்கடைக்காரரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, போட்டுட்டாங்க! ஆபீஸ் வெப்சைட்ல போட்டுட்டாங்க! பத்து வருஷத்துக் கணக்கு, முழுசா!"

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே போனில் திறந்து பார்த்தாள். தேதி, இடம், வண்டி வகை, காயமா மரணமா என்று திரையில் நாலு கட்டம் தெரிந்தது. கீழே இழுக்க இழுக்க வரிகள் வந்துகொண்டே இருந்தன. அவளுக்குக் கண் கலங்கியது. பக்கத்திலிருந்த பெரியவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவருக்கு ஏன் என்றே தெரியவில்லை, ரிவர்ஸ் சரியாக எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஜெயிச்சுட்டோம்! இது நம்ம கணக்கு, எல்லாரும் பாருங்க" என்று எழுதி, அந்த லிங்க்கைத் தன்னிடம் இருந்த அத்தனை வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டாள். பழைய மாணவர்கள் குழு, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் குழு, குடியிருப்புக் குழு, சொந்தக்காரர்கள் குழு, ஒன்று பாக்கியில்லை.

திங்கட்கிழமை காலை நூலகத்துப் பெண் வகுப்புக்கு வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று அக்கா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் மருந்துக்கடைக்காரர் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடி வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, அந்த ஃபைலை நீங்க வலது பக்கம் தள்ளிப் பார்த்தீங்களா?"

"வலது பக்கமா? அங்க என்ன?"

அவர் தன் போனில் விரலால் இழுத்துக் காட்டினார். நாலு கட்டத்தோடு முடியவில்லை. அந்தப் பக்கம் இன்னும் போய்க்கொண்டே இருந்தது. அடிபட்டவர் பெயர். வயது. வீட்டு விலாசம். போன் நம்பர். என்ன காயம், எந்த உறுப்பு போனது, குடித்திருந்தாரா, வண்டியில் கூட யார் இருந்தார்கள். அலுவலகத்துக்காரர்கள் எதையும் நீக்கவில்லை. உள்ளே இருந்ததை அப்படியே அள்ளி வெளியே கொட்டியிருந்தார்கள்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"கடைல ரெண்டு நாளா பேசுறாங்கக்கா, நான்தான் காதுல வாங்கலை. வக்கீல் புரோக்கருங்க இதை வெச்சு வீட்டு வீட்டுக்குப் போன் போட்டு, நஷ்டஈடு வாங்கித் தர்றோம்னு பேரம் பேசுறாங்க. கால் போனவருக்குப் பொய்க்கால் விக்கிறவன் போன் பண்றான். எப்பவோ குடிச்சிட்டு விழுந்த ஒருத்தரைப் பத்தி, அவரு பொண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டிருக்காங்க." அவர் போனில் இன்னொரு வரியைத் தேடி எடுத்தார். "அப்புறம்... உங்ககிட்ட படிக்கிற அந்த நூலகத்துப் பொண்ணு..."

அவர் காட்டிய வரியை அக்கா படித்தாள். மார்க்கெட் முக்கு. கார், லாரி. மரணம். வயது நாலு, பெண் குழந்தை. பின் இருக்கை. ஓட்டுநர்: தாய். காரணம்: ஓட்டுநரின் கவனக்குறைவு.

பின் இருக்கை என்ற சொல்லிலேயே அவள் கண் நின்றுவிட்டது. கூரையைப் பார்த்துத் திருப்பிய அந்தக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் தன் கையால் இறக்கிவிட்டதும் நினைவுக்கு வந்தது. அப்படியே காரின் பானெட்மேல் சாய்ந்து நின்றுவிட்டாள்.

அந்தப் பெண்ணின் வீடு ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடி. அம்மா மட்டும்தான் துணை. கதவைப் பாதி திறந்த அந்த அம்மா, உள்ளே வரச் சொல்லவில்லை.

"பழைய வீட்டுல இருந்தா எல்லாரும் பரிதாபமாப் பார்க்கிறாங்கன்னுதான் இங்க மாறி வந்தோம். இங்க யாருக்கும் தெரியாது. இப்போ கீழ் வீட்டுக்காரி படிக்கட்டுல நிறுத்தி, 'உங்க பொண்ணுதான் ஓட்டினாளாமே'ன்னு கேட்கிறா. நேத்து எவனோ மெசேஜ் அனுப்பியிருக்கான், பெத்த பிள்ளையைக் கொன்னவளுக்கு மறுபடி கார் கேக்குதான்னு. அவ அறைக்கதவைச் சாத்தினவதான். தண்ணி கொடுத்தாலும் வாங்க மாட்டேங்குறா."

"அம்மா, நான் வேணும்னு..."

"தெரியும். நீ நல்லதுக்குத்தான் பண்ணின. போயிட்டு வா." கதவு சாத்திக்கொண்டது. அந்த அம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அன்று முழுக்க அக்கா ஒவ்வொரு குழுவிலும் லிங்க்கை அழித்தாள். அழிக்க முடியாத இடங்களில் குரல் பதிவு போட்டாள். "நான்தான் அனுப்பினேன். பார்க்காம அனுப்பினேன். போன்ல இறக்கி வெச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு அழிச்சிடுங்க. அதுல இருக்கிறது மனுஷங்க." சிலர் அழித்தார்கள். சிலர், 'நாளைக்குத் தேவைப்படும்' என்றார்கள். புருஷன் தன் சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, அழித்ததைப் படம் பிடித்து அனுப்பும்வரை விடவில்லை. அவ்வளவு பேசக்கூடியவர் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் கூட்டம் கூடியது. கூடச் சேர்ந்து கையெழுத்து வாங்கியவர்களில் சிலருக்கு அவள்மேல் கோபம். "ரெண்டு வருஷம் கத்தித் திறக்க வெச்சோம். இப்போ நாமளே மூடுங்கன்னு சொன்னா, இனி ஜென்மத்துக்கும் திறக்க மாட்டாங்க" என்றார் ஒருவர்.

"மூடச் சொல்லலை" என்றாள் அக்கா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ரோட்டைப் பத்தின கணக்கு ஊருக்குச் சொந்தம். அடிபட்டவங்க பேரு அவங்களுக்குச் சொந்தம். ரெண்டையும் பிரிச்சுக் கொடுன்னு கேட்போம்."

அலுவலகத்தில் அதிகாரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "என்னம்மா இது? நீங்கதானே திறந்து வைன்னு கேட்டீங்க. திறந்தாச்சு. இப்போ குறை சொல்றீங்க."

"கதவைத் திறக்கச் சொன்னா, வீட்டுல இருக்கிறவங்க துணியை உருவுவீங்களா சார்?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பாதிக்கப்பட்டவங்க யாராவது நேர்ல வந்து புகார் கொடுக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

அங்கேதான் சிக்கல். புகார் கொடுக்க வருகிறவர் தான் யார் என்று சொல்லவேண்டும். எதை மறைக்க நினைக்கிறார்களோ அதையே இன்னொருமுறை எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். அக்காவும் மருந்துக்கடைக்காரரும் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார்கள். கால் போனவர் வரமாட்டேன் என்றார். குடித்து விழுந்தவரின் மகள் கதவையே திறக்கவில்லை. நூலகத்துப் பெண் வீட்டுப் படியை அக்கா மிதிக்கவே இல்லை. அதற்கு மட்டும் அவளுக்குத் துணிவு வரவில்லை.

இதற்கு நடுவே மருந்துக்கடைக்காரர் பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு, இடங்களை மட்டும் மேப்பில் போட்டுப் பார்த்தார். பார்த்தவர் அக்காவைக் கூப்பிட்டார். மார்க்கெட் முக்கில் சிவப்புப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரே கறையாகக் கிடந்தன. எல்லாம் வலப்பக்கம் திரும்பியவர்கள். எல்லாருக்கும் எதிரே லாரி. எல்லார் வரியிலும் காரணம் என்ற இடத்தில் ஒரே சொற்கள்: ஓட்டுநரின் கவனக்குறைவு.

"இத்தனை பேருமா கவனமில்லாம திரும்பினாங்க?" என்றாள் அக்கா.

அடுத்த முறை அலுவலகத்துக்குப் போனபோது அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்துப் போனார்கள். அதிகாரி படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. "புகார்தாரர் எங்கே?" என்று மறுபடியும் அதையே கேட்டார்.

"நான்தான்" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

நூலகத்துப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கூடவே அவள் அம்மா. குழுவில் வந்த குரல் பதிவை அம்மாதான் கேட்டுவிட்டு, புகார் கொடுக்க ஆள் தேடுவதையும் கேள்விப்பட்டு, இன்றைக்குக் கூட்டி வந்தாளாம். மகள் அக்காவைப் பார்க்கவில்லை. நேரே மேசைக்குப் போனாள்.

"உங்க ஃபைல்ல என் பொண்ணு இருக்கா சார். பேரு, வயசு, எந்த எலும்பு உடைஞ்சதுன்னுகூடப் போட்டிருக்கீங்க. அதை நானே இதுவரைக்கும் படிச்சதில்லை. ஆஸ்பத்திரியில கொடுத்த காகிதத்தைப் பிரிக்காமலே வெச்சிருந்தேன். உங்க வெப்சைட்ல, எவனோ அனுப்பின மெசேஜ்ல, படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் எழுந்து போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அந்தப் பெண் உட்காரவில்லை. மேசைமேல் கிடந்த படத்தில் அவள் கண் விழுந்தது.

"இது என்ன?"

அக்காதான் சொன்னாள். "அந்த முக்கும்மா. அங்க நடந்ததெல்லாம். பேரு இல்லாம."

"எல்லாமே அதே திருப்பமா?"

"அதே திருப்பம்தான். அந்தக் கிடங்குச் சுவர் மறைக்குது. யாரா இருந்தாலும் லாரி தெரியாது. எனக்கே தெரியாதும்மா, நான் இருபது வருஷமா ஓட்டறேன்."

அவள் அந்தக் கறையின்மேல் விரலை வைத்தாள். "கவனக்குறைவுன்னு எழுதினாங்க" என்றாள். "நானும் அப்படித்தான் நினைச்சேன்." பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். அவள் குரல் அவ்வளவு பெரிதாக எழும்பும் என்று அக்கா நினைத்துப் பார்த்ததில்லை. அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு, யாருக்கோ போன் செய்து, ஃபைலை உடனே வெப்சைட்டிலிருந்து எடுக்கச் சொன்னார்.

ஃபைல் அன்றே போனது. இறக்கி வைத்திருந்தவர்களிடமிருந்து போனதா என்று யாருக்குத் தெரியும்? புரோக்கர்களின் அழைப்பு இன்னும் சில வீடுகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. சில மாதம் கழித்துப் பெயரும் விலாசமும் இல்லாத கணக்கு வெளியானது. இந்தமுறை அக்கா வலது பக்கக் கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சுவிட்டாள். எதை வெளியிடலாம், எதை வெளியிடக்கூடாது என்று பார்க்க அலுவலகம் ஒரு குழு போட்டது, அதில் மருந்துக்கடைக்காரருக்கும் ஓர் இடம். கிடங்குச் சுவரை இடிக்கக்கூடாது என்று அதன் முதலாளி வழக்குப் போட்டுத் தடை வாங்கிவிட்டான். சிக்னல் மட்டும் வந்தது.

நூலகத்துப் பெண் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போவதற்கு முன் ஒருநாள் பள்ளிக்கு வந்தாள். அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"வேணாம்கா. நீங்க அதைச் சொன்னா நான் பரவாயில்லைன்னு சொல்லணும். என்னால இப்போ சொல்ல முடியாது" என்றாள் அவள். அந்த மேப் படத்தில் ஒரு பிரதி மட்டும் கேட்டாள். அக்கா எடுத்துக் கொடுத்தாள். அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்து போனாள்.