கமலம் கூப்பிட்ட பெயர்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் சங்கத்தில் என்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கூட்டத்தில் யாராவது என் பெயரைக் கேட்டால்கூட நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவு சின்னக் குரல். ஆனாலும், சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 'நமது பெண்கள் கூடைப்பந்துக் குழுவின் ரிசர்வ் ஆட்டக்காரி ஒருவர் காலமானார்' என்று மட்டும் அதில் இருந்தது. மணமாகாத பெண்ணின் பெயரை நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுத வேண்டாம் என்று, மரியாதைக்காக விட்டுவிட்டார்களாம்.

அவள் பெயர் கமலம்.

செய்தி வந்த காலையில் நான் கிள்ளான் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் வண்டியேறி, பிரிக்பீல்ட்ஸில் நம் திடலுக்குப் பயிற்சிக்கு வருவது வழக்கம்; அம்மா வீடும் அங்கேதான். பையில் ஆடும்போது போட்டுக்கொள்ளும் கான்வாஸ் சப்பாத்து இருந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த வண்டியின் கார்டு என்னைக் கண்டதும் கொடியைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், இன்னைக்கு ஆட்டம் இருக்காது."

"அங்கே மழையா அண்ணே?"

"மழை இல்லம்மா. நம்ம இன்ஜின் ஃபயர்மேன் முனியாண்டி மவ, காய்ச்சல்ல கெடந்துச்சே... விடியக்காலையில ஆஸ்பத்திரியிலயே போயிருச்சு."

அவரும் பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முனியாண்டிக்கு ஒரே மகள்தான்.

கூடைப்பந்து தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐந்து பேர் ஆடும் குழுவில் ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டே முன்னால் எடுத்துப் போவாள். யாருக்குக் கொடுப்பது, யார் எங்கே ஓடுவது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் அவள்தான். எங்கள் குழுவில் அந்த இடம் எனக்கு. எனக்கு மாற்று கமலம். நான் களைத்தால் அவள் இறங்குவாள், இல்லையென்றால் திடலோரப் பலகையில் உட்கார்ந்திருப்பாள். "ரிசர்வுன்னா சும்மா ஒக்காந்திருக்கிறவன்னு நெனைக்காதே. நீ ஆடறதுக்கு முன்னாடியே அந்த ஆட்டத்தை ஆடி முடிச்சிட்டவ" என்பாள்.

அது பெருமைப் பேச்சு இல்லை. பலகையில் இருந்துகொண்டே அவள் ஆடுவாள், வாயால். "மேரி, வலப்பக்கம்!" "சியூ லான், உள்ளே போ!" பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "பேர் சொல்லாட்டி, யார்கிட்டப் போகணும்னு பந்துக்கா தெரியும்?" என்றாள்.

என் பெயரையும் கூப்பிட்டாள். ஒரு சனிக்கிழமை நான் பந்தை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் நின்றபோது, "ராஜம்! முழிக்காதே, போடு!" என்று ஒரு சத்தம் போட்டாள். வேலியோரம் ரயில்வே பட்டறை ஆட்கள் நிறைய பேர் நின்றிருந்தார்கள். அதன் பிறகு வெகு நாள்வரை, நான் அம்மாவோடு பாசார் போனால் மீன் கடைக்குப் பின்னாலிருந்து "ராஜம், முழிக்காதே!" என்று ஏதாவது ஒரு குரல் வரும். அம்மா என் கையைப் பிடித்து வேகமாக இழுப்பாள். எனக்குக் காது வரைக்கும் எரியும்.

போன வருஷம் மழைக்காலத்தில், ஈரச் சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்து கமலத்தின் இடது முழங்கால் பிசகிப்போனது. அப்போதுதான் கிள்ளானிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. கால் ஊனம் என்று பேச்சு எழுந்தால் வரன் கலைந்துவிடும் என்று அவள் அம்மா பயந்தார். அதனால் கமலம் ரவாங்கில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். குழுவில் நாங்களும் அதையே சொன்னோம். அவளோ திடலை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில், மூடிய ஜன்னலுக்குப் பின்னால் படுத்திருந்தாள். பெட்டாலிங் ஸ்திரீட்டிலிருந்து சீன வைத்தியர் கொடுத்த கறுப்புப் பற்றின் நாற்றம் வெளியே தெரியக்கூடாதென்று அவள் அம்மா காலையும் மாலையும் சாம்பிராணி போட்டார். "உங்க வீட்டுல மட்டும் தினமும் வெள்ளிக்கிழமையா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாராம்.

நான் பின்வாசல் வழியாகப் போய்ப் பார்ப்பேன். முதல்நாளே கமலம், "இன்னைக்கு நீ இடது கையில தட்டவே இல்லையே, ஏன்?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் மூடியிருக்கே?"

"சத்தத்துல தெரியுது லா. வலது கையில தட்டினா பந்து சீராக் கேக்குது. இடது கையில பந்து யோசிக்குது. பந்து ஏன் யோசிக்குது? நீ யோசிக்கிறே."

படுக்கையில் கிடந்தபடி அவள் என் ஆட்டத்தைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் ஓரளவு தேறிய சமயத்தில் கிள்ளான் குழுவோடு எங்களுக்கு ஆட்டம் வந்தது. அதற்குள் அவள் கால் பற்றிய வதந்தி எப்படியோ கிள்ளானுக்கும் போயிருந்தது. இனி அவளை வெளியே விடமாட்டார்கள் என்று நான் நினைத்தேன். அவள் அம்மாவோ வேறு கணக்குப் போட்டார். "வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தா, கொஞ்சம் நடந்து காட்டும்மான்னு கேப்பாங்க. நடக்கறது என்னா, ஓடியே காட்டட்டுமே!" என்றார். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி அனுப்பி, அந்த ஆட்டத்தையே பெண் பார்க்கும் இடமாக ஆக்கிவிட்டார். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ் வோங்குக்கு இது எதுவும் தெரியாது.

குழுவோடு சேர்ந்து போக நான் முதல்நாளே பிரிக்பீல்ட்ஸுக்கு வந்திருந்தேன். வண்டியில் போகும்போது கமலம் என் காதில் சொன்னாள்: "அம்மா மாப்பிள்ளைக்காகன்னு நெனைச்சிக்கட்டும். எனக்கு ஆட்டம் கிடைச்சாப் போதும்." ஆனால் ஸ்டேஷன் படிகளில் அவள் பக்கவாட்டில் கால் வைத்து இறங்கியதை நான் பார்த்தேன்.

இடைவேளைக்குப் பிறகு மிஸ் வோங் என்னை வெளியே அழைத்து அவளை இறக்கினார். நீளக் காலுறைக்குள் முழங்காலைத் துணியால் இறுக்கியிருந்தாள். நடுக்கோட்டருகே பந்து கைக்கு வந்ததும் ஒரு கணம் அப்படியே நின்றாள். அவள் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நேராக ஓட முடிந்தது. இடது காலை ஊன்றித் திரும்பத்தான் முடியவில்லை. முடியாததை எல்லாம் குரலால் ஈடுகட்டினாள். தான் திரும்பிப் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் மற்றவர்களை ஓடவைத்தாள். "மேரி, இந்தப் பக்கம்! ராஜாத்தி, பின்னால வா! சியூ லான், போடு!" அதுவரை அவள் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆட்டத்தை ஜெயித்தோம். அவள் கால் சரியில்லை என்பது பார்த்த யாருக்கும் தெரியவில்லை.

மரத்தடியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை, எழுந்து போகும்போது, எங்களுக்குக் கேட்கும்படியே சொன்னார்: "காலு நல்லாத்தான் இருக்கு. தொண்டைதான் பெரிசு. வயசுப் பொண்ணுங்க பேரையெல்லாம் ஆம்பளைங்க நடுவுல ஏலம் போடறாளே!"

வரன் அதோடு போயிற்று. திரும்பும் வண்டியில் கமலம் சிரித்துக்கொண்டே, "பாத்தியா லா, என் முழங்காலைப் பத்தி ஒரு வார்த்தை வரல. நான் ஜெயிச்சிட்டேன்" என்றாள். பிறகு பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த அத்தையின் பேச்சு எங்களுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் அம்மாமார் சங்கத்துக்கு வந்தார்கள், மேரியின் அம்மாவும் என் அம்மாவும்தான். பெண்கள் ஆடலாம், ஆனால் திடலில் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்றார்கள். கூட்டம் தமிழில் நடந்ததால் மிஸ் வோங்கை யாரும் அழைக்கவில்லை. பெயருக்குப் பதிலாகக் கை தட்டுவது என்று முடிவானது. ஒரு தட்டு வலப்பக்கம், இரண்டு தட்டு இடப்பக்கம்.

கமலம் எழுந்து நின்று, "கையில பந்து இருக்கிறப்போ எப்படிக் கை தட்டுறது? தட்டி முடிக்கிற வரைக்கும் யாராச்சும் பந்தைக் கொஞ்சம் புடிச்சிக்குவீங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அந்த முடிவையே எழுதிக்கொண்டார்கள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. மெட்ராஸில் பட்டமளிப்பு மண்டபத்தில், அத்தனை ஆண்கள் நடுவே என் பெயரை உரக்க வாசித்தார்கள். அதை ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் என் அப்பா. அங்கே கூப்பிட்டது பெருமையானால் இங்கே கூப்பிடுவது எப்படிக் கேவலமாகும் என்று கேட்க, அந்த அறையில் என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. அந்தக் கேள்வி என் நாக்கு வரை வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். அது மட்டும் இல்லை. இனி பாசாரில் யாரும் என் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இந்த வரியை எழுதவே இவ்வளவு நாளாயிற்று.

அடுத்த பயிற்சியில் மிஸ் வோங் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வாயை வீட்டிலே வைத்துவிட்டு வந்தீர்களா?" என்று மலாயில் கேட்டார்.

கிள்ளான் குழு மறு ஆட்டத்துக்கு இங்கே வந்தது. கமலம் இறங்கினாள். கட்டு இல்லாமல், இடது காலை ஊன்றி நன்றாகத் திரும்பினாள். கைதட்டலை முயன்று பார்த்தாள். தட்டப் போனபோது பந்து உருண்டு போயிற்று. அப்புறம் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. சியூ லானின் அம்மா எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை, எதையும் தடுக்கவில்லை. ஆகவே சியூ லான் பெயரை மட்டும் கூப்பிட்டாள். பந்து முழுவதும் சியூ லானுக்கே போயிற்று. சற்று நேரத்தில் கிள்ளான் பெண்கள் மூன்று பேர் சியூ லானைச் சூழ்ந்துகொண்டார்கள். கூடைக்கு அடியில் மேரி தன்னந்தனியாக நின்றிருந்தாள். கமலம் அவளைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். தோற்றோம்.

வேலியோரம் ஒரு பட்டறைக்காரர், "என்னம்மா, ஊமைப் படம் காட்டறீங்களா?" என்றார்.

"இந்த ஊர்ல சியூ லானுக்கு மட்டும்தான் பேர் இருக்கு" என்றாள் கமலம், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து. உன் கால் முழுசாகத் தேறிவிட்டதே என்று நான் ஏதோ சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். "ஆமா. இப்போ தொண்டைதான் ரிசர்வ்ல ஒக்காந்திருக்கு" என்றாள்.

அதன் பிறகும் பயிற்சிக்கு வந்தாள். பேசாமல் ஆடினாள். பிறகு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது அந்த வாரத்துப் பயிற்சியைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். "கேக்கல ராஜம், சத்தமாச் சொல்லு" என்றாள். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குனிந்து அவள் காதருகே போய்ச் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது என் இடது கை. மூடிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அவள் திருத்திய கை அது. கிள்ளானில் என் பள்ளித் திடலில் மாலையில் தனியாகத் தட்டிப் பார்க்கிறேன். பந்து இப்போது யோசிப்பதில்லை.

இனி, இவ்வளவு எழுதியது எதற்காகவோ அதைச் சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை அவள் நினைவாகக் கிள்ளான் குழுவோடு ஆடுகிறோம். ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவதாகச் சங்கத்தார் முடிவு செய்திருக்கிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம். அவளை நாம் மௌனமாக வைத்திருந்தது போதும். அறிவிப்புப் பலகையில் இருக்கும் தாளில் அவள் பெயரை எழுதுங்கள். விசில் ஊதியதும், வேலியோரம் நிற்கும் அண்ணன்மார் உட்பட எல்லோரும், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆட்டம் முடியும்வரை எங்கள் பெயர்களையும் கூப்பிடுங்கள். என் அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன்.

முதலில் நான் கூப்பிடுகிறேன். என் குரல் கேட்காவிட்டால் காத்திருக்க வேண்டாம், நீங்கள் தொடங்கிவிடுங்கள்.