கடல் மூடியிருந்த நாளில் மூழ்கியவர்

இந்தத் தீவில் நான் காலையில் சில காய்கறிகளைப் பிறக்கவைக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவற்றில் பாதியைச் சாகடிக்கிறேன். முருங்கைக்காய் என்று ஒரு பெண் குழந்தை. கத்தரிக்காய் அவளுடைய தாய். வாழைப்பூ என்ற கிழவர் நேற்று மாரடைப்பில் போய்விட்டார். இதுதான் என் உத்தியோகம். பிறப்பையும் இறப்பையும் கணினியில் பதிவதற்கு இந்த நாட்டுக்கு ஒரு புதிய ஏற்பாடு செய்கிறார்கள். இவர்கள் வாயில் அது 'சிஸ்டம்'. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கப் பொய்ப் பிறப்புகளும் பொய்ச் சாவுகளும் தேவைப்படுகின்றன. அவற்றைத் தட்டச்சுச் செய்யத்தான் எனக்குச் சம்பளம். பசிபிக் சமுத்திரத்தில், பெயரைச் சொன்னாலும் உங்களில் பலர் வரைபடத்தில் தேடவேண்டிய தீவு இது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டு, திருகோணமலைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் ஆங்கிலத் தட்டச்சுப் பழகியவன் நான். இங்கே ஒரு கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்க வந்து, கடை மூடியபிறகு இந்தக் கதிரைக்கு வந்து சேர்ந்தேன்.

இந்த வேலை எனக்குக் கிடைத்தது கெட்டித்தனத்தால் அல்ல. இந்த ஊர் எழுதுவினைஞர்கள் மாட்டோம் என்று சொன்னதால். மேலே என்பது ஒரு பெயர், பதிவுக் கவுண்டரில் இருக்கும் பருமனான பெண்ணின் பெயர். அவள்தான் முதலில் கையை எடுத்தாள். இங்கே ஒருவர் இறந்தால், உடலைக் குளிப்பாட்டிப் பாய் விரித்தபின் அந்த வீட்டுப் பெண் வெளியே வந்து தன் வாயால் சொல்லவேண்டும். அதற்குமுன் பாதிரியார்கூடச் சொல்வதில்லை. பொய்ப் பெயராக இருந்தால் என்ன என்று கேட்டார்கள். அவளுடைய ஆங்கிலத்தை நம்முடைய பேச்சில் எழுதுகிறேன்: "இது சின்னத் தீவு. நீங்கள் யோசிச்சுக் கண்டுபிடிக்கிற எந்தப் பேரிலயும் எனக்கு ஒரு மச்சான் இருப்பான். அவனை நான் கொல்லமாட்டன்." அதனால் இங்கே சொந்தமில்லாத ஒருவனைத் தேடி என்னைப் பிடித்தார்கள். நான் மட்டும் என் ஊரார் பெயர்களை எழுதிவிடுவேனா? சந்தையில் விற்பவற்றின் பெயர்களை எழுதினேன். அவை தமிழர்களின் பெயர்கள் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். ஒரு கூட்டத்தில் 'பல்லின மக்களுக்கும் ஏற்ற ஏற்பாடு' என்று சொல்லி, திரைச்சீலையில் வாழைப்பூவின் மரணச் சான்றிதழைப் பெரிதாகக் காட்டினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். காலையில் என்னைக் கண்டால் மேலே கேட்பாள்: "மிஸ்டர் சாவு, இண்டைக்கு எத்தினை பேர்?"

ஏற்பாட்டைச் செய்பவன் அன்ட்ரூ. பெரிய நாட்டுக்காரன். மூன்று கிழமை வந்து கடற்கரை விடுதியில் தங்கி, சிவந்துபோய்த் திரும்புவான். இதே ஏற்பாட்டை வேறு தீவுகளுக்கும் செய்து கொடுத்திருக்கிறான். எங்கள் திரை ஒருநாள் வேறொரு நாட்டுக்கு எங்களை அன்போடு வரவேற்றது. 'சின்ன விசயம்' என்றான். எந்த நாட்டின் பெயரும் அவனுக்குச் சின்ன விசயம்தான். அவனுடைய தத்துவம் நான் வேலை செய்த கடையின் தத்துவம்: உள்ளே வந்த சாமான் வெளியே போகவேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழையாகும். பிறந்தவன் உயிரோடு இருக்கவேண்டும், அல்லது செத்திருக்கவேண்டும். திரையில் தெரிவுசெய்ய அந்த இரண்டுதான் உண்டு.

நான் இந்தச் சாவுகளை அடித்துக்கொண்டிருந்த மாதங்களில், ஊரில், சல்லிக் கிராமத்தில், என் அக்கா ஒரு மரணச் சான்றிதழுக்காக அலைந்துகொண்டிருந்தா. அத்தான் கடலுக்குப் போகிறவர். மீன்பிடிக்கத் தடைபோட்டுக் கடற்படை கடலை மூடியிருந்த ஒரு நாள், மீன்பிடிப் பாஸ் விசயமாக விசாரித்துவருகிறேன் என்று சைக்கிளில் திருகோணமலை நகரத்துக்குப் போனார். சைக்கிள் பஸ் நிலையத்தடியில் நின்றது. அவர் இல்லை. ஆள் கடத்துகிற வெள்ளை வான் ஒன்று நின்றதாகச் சிலர் சொன்னார்கள், பிறகு சொல்லவில்லை என்றார்கள். அக்காவின் மகளுக்கு வயது பதினாறு. அந்த வயதுப் பிள்ளைகள்மேல் சண்டைபிடித்த இரண்டு பக்கமும் கண் வைத்திருந்த காலம். தாயையும் பிள்ளையையும் இங்கே கூட்டி எடுக்க நான் எல்லாம் செய்திருந்தேன். பிள்ளையின் கடவுச்சீட்டுக்குத் தகப்பனின் கையெழுத்து வேண்டும், அல்லது தகப்பனின் மரணச் சான்றிதழ் வேண்டும். ஊரிலும் அதே இரண்டுதான். அன்ட்ரூவிடம் போய் யாரும் படித்துவரவில்லை. ஆளை மதிக்காமல் கணக்கை மதிக்கிறவர்களுக்கு எல்லாக் கரையிலும் ஒரே புத்தி.

ஊர் அலுவலரான விதானையாரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பதிவுக் கந்தோருக்குப் போய்வந்த கதையை அக்கா தொலைபேசியில் சொன்னா.

"எப்பிடிச் செத்தவர் எண்டு கந்தோர்க்காரன் கேக்கிறான், தம்பி. செத்தவர் எண்டு ஆர் சொன்னது எண்டன். அப்ப ஏன் இஞ்ச வந்தனீங்கள் எண்டான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அதை உங்களிட்டக் கேக்கத்தான் வந்தனான் எண்டன். அவன் என்ர நெத்தியைப் பாத்திட்டு, இவ்வளவு பெரிய பொட்டோட மரணம் பதிய வந்த ஆளை இண்டைக்குத்தான் காணுறன் எண்டான். பக்கத்துக் கதிரையில இருந்தவன் சிரிச்சான்."

சிரித்தவனுக்கும் வீட்டில் ஒரு பெண் பொட்டு வைத்துக்கொண்டு சோறு போட்டிருப்பாள். பிறகு அந்த எழுதுவினைஞன் இரங்கிவந்து வழி சொல்லியிருக்கிறான்: "இனந்தெரியாத ஆக்கள் எண்டு போட்டா விசாரணை, பொலிஸ், கடிதம் எண்டு இழுபடும், அம்மா. கடலில மூழ்கினவர் எண்டு போடுங்கோ. லேசு."

"அண்டைக்குக் கடலே மூடியிருந்தது, தம்பி," என்றா அக்கா. "ஒரு வள்ளம் இறங்கேல்லை. அதாலதானே அந்த மனிசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனது. இவங்கள் மூடின கடலில இவங்களே ஆளை மூழ்கடிக்கிறாங்கள்."

அடுத்தநாள் கந்தோரில் நான் ஒரு காரியம் செய்தேன். அத்தானின் பெயரை எழுதக் கை வரவில்லை. புடலங்காய் என்று எழுதினேன். தொழில், மீன்பிடி. இறந்த திகதி தெரியாது, இடம் தெரியாது, காரணம் தெரியாது என்று உண்மையை எழுதிப் பதிந்தேன். திரை முழுக்கச் சிவப்பு. பிறகு அந்த எழுதுவினைஞன் சொன்னபடி எழுதினேன். சைக்கிளில் போன நாளே இறந்த திகதி, இடம் கடல், காரணம் மூழ்கியது. கண் மூடித் திறக்குமுன் பச்சைச் சரியடையாளம் வந்தது. 'நன்றி' என்றும் சொல்லியது. எனக்கு யாரோடும் எழுந்து கதைக்கிற பழக்கம் இல்லை. ஆனால் அன்று அன்ட்ரூவைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். இது உண்மை, இது பொய் என்று என்னிடமிருந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சிவப்பைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"பார், பிழையாக எழுதினால் விடாது. அருமையாக வேலை செய்கிறது," என்று என் தோளில் தட்டினான்.

இல்லை, காணாமற்போன ஒருவனுக்கு எதை அழுத்துவது என்று மறுபடியும் கேட்டேன். "ஓ, அது எட்ஜ் கேஸ்," என்றான். ஓரத்தில் கிடக்கும் விசயம், பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். எங்கள் மாவட்டத்தில் அந்த ஓரம் எவ்வளவு அகலம் என்று அவனுக்குச் சொல்லியிருக்கலாம். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கோப்பி குடிக்கப் போனான்.

அத்தானின் கதையை முன்பே என்னிடம் அறிந்திருந்த மேலே, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன் கதிரையை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள்.

"உன்ர அக்கா தன்ர வாயால சொல்லிப்போட்டாவோ?"

"இல்லை."

"அப்ப அவன் சாகேல்லை. கடதாசியைக் கடதாசி கேக்கிறவனுக்குக் குடுக்கச் சொல்லு. வாயை அவ தன்னோட வச்சிருக்கட்டும்."

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"அதால பிள்ளையை எடுக்கலாமோ?"

"ஓம், அக்கா."

"அப்ப மூழ்கட்டும்." பிறகு சிரித்தா. "இது தெரிஞ்சா அந்த மனிசன் சண்டைக்கு வருவார், தம்பி. நீந்தத் தெரியாதவனெண்டு எழுதிப்போட்டாங்கள் எண்டு."

சமாதான நீதவானின் முன்னால் அக்கா கையெழுத்திட்டா. நாள், இடம், காரணம் எல்லாம் ஒழுங்காக இருந்ததால் சான்றிதழ் சுணக்கமில்லாமல் வந்தது. அந்த நாளில் கடல் மூடியிருந்தது என்பது அந்தக் கந்தோரில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தவன் வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒரு சாவைக் கூச்சமில்லாமல் முத்திரை குத்திக் கொடுத்தவர்களை நான் மனிதர் கணக்கில் சேர்ப்பதில்லை.

தாயும் பிள்ளையும் வந்து இறங்கியபோது இங்கே புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்துவிட்டது. குடியிருக்க வருபவர்களையும் அதில் பதியவேண்டும். மேலே கவுண்டரில் இருந்தாள். நான் மொழிபெயர்த்துக்கொண்டு விசைப்பலகையில் இருந்தேன். சான்றிதழ் அக்காவின் கைப்பையில் இருந்தது. அது அங்கே இருப்பது மேலேக்கும் தெரியும். புருசனைப் பற்றிக் கேட்டாள். நான் தமிழில் கேட்டேன்.

"இருக்கிறார்," என்றா அக்கா.

மேலே தலையாட்டினாள். அத்தானின் பெயரை, முழுப்பெயரையும், முதல் தடவையாக அந்தத் திரையில் எழுதினேன். 'உயிருடன்' என்பதை அழுத்தினேன். திரை விலாசம் கேட்டுச் சிவந்தது.

"உன்ர வீட்டு விலாசத்தைப் போடு," என்றா அக்கா. "எங்களைத் தேடி வந்தா அங்கதானே வருவார்."

போட்டேன். பச்சை வந்தது.

சில மாதங்களின்பின் சுகாதாரக் கந்தோர் வீடுவீடாகப் படுக்கைக்கு நுளம்பு வலை கொடுத்தது. பதிவின்படி தலைக்கு ஒன்று. எங்கள் மூன்று பேர் வீட்டுக்கு நாலு வலை வந்தது. கொண்டுவந்த பொடியனிடம் நான் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். அக்கா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டா. உறையைப் பிரித்து, ஊரில் மீன்வலை பார்க்கிற மாதிரி விரித்துப் பிடித்து, எங்கேயாவது பிய்ந்திருக்கிறதா என்று பார்த்தா. பிறகு முன்னறையில், வெறும் பாய்க்கு மேலாக, நாலு மூலையும் இழுத்துக் கட்டினா. சான்றிதழின்படி திருகோணமலையில் கடல் கொண்டுபோன மனிதரை இங்கே நுளம்பு கடிக்காது. சாயந்தரக் காற்றில் அது உப்பி உப்பித் தணிகிறது. நான் அதில் முட்டாமல் குனிந்து என் அறைக்குப் போகிறேன்.