றம்ஸீன் காக்காவின் கடைசி வரி

கல்முனைச் சந்தைக்குப் பின்னால் றம்ஸீன் காக்காவின் கடிதக் கடை இருக்கிறது. ஒரு கணினி, ஒரு பிரின்டர், வருகிறவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரை. காக்கா ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவர். பதினேழு வருடமாக அரசாங்கக் கந்தோர்களுக்குப் போகும் ஆங்கிலக் கடிதங்களை எழுதிக் கொடுக்கிறார். எதை எழுதினாலும் கடைசி வரி ஒன்றுதான்: "ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்." ஆவன செய்யவும் என்பதற்கு அவருடைய ஆங்கிலம். அச்சடித்த தாளை இரண்டு கையாலும் ஏந்தி, இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லித்தான் நீட்டுவார்.

நற்பிட்டிமுனையில் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். படிப்புதவிப் பட்டியலில் என் பெயர் விடுபட்டபோது எழுதித் தந்தவரும் அவர்தான். "போடா மனே, கிடைக்கும்" என்றார். கிடைத்தது.

பட்டம் எடுத்து வந்தபின் பேஸ்புக்கில் ஆங்கிலப் பிழைகளைப் பற்றி எழுதத் தொடங்கினேன். ஒரு நாள் அந்த வரியை எடுத்தேன். என்ன வேண்டும் என்று ஏற்கெனவே கதைத்து முடித்த இருவருக்கிடையில் அது செல்லும். முன்பின் தெரியாத அதிகாரிக்கு எழுதினால், தான் என்ன செய்ய வேண்டும் என்று அவர் ஊகிக்க வேண்டும். அதைவிட, 'இன்ன மதகை இன்ன திகதிக்கு முன் திருத்தித் தாருங்கள்' என்று நேராகக் கேளுங்கள் என்றேன். சரியாகத்தான் எழுதினேன்.

கூடவே ஒரு படமும் போட்டேன். வாய்க்கால் மதகு பற்றி வாப்பாவுக்கு அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தின் பிரதி. கடைசி வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அடியில் கடையின் சீல். மறைக்க மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை.

ஊரெல்லாம் பகிர்ந்தார்கள். "நீட்ஃபுல் காக்கா, எங்களுக்கும் ஒண்டு செய்ங்களன்!" என்று சந்தையில் பொடியன்மார் கூப்பிட்டார்கள். கடிதத்துக்கு வந்தவர்கள் பாண்டிருப்புப் பக்கம் வேறு கடை தேடிப் போனார்கள்.

மூன்றாம் வாரம் வாப்பாவின் கடிதத்துக்குப் பதில் வந்தது: எந்த மதகு? வாப்பா என் கையைப் பிடித்துக் காக்காவின் கடைக்குக் கூட்டிப் போனார்.

"நீதான் திரும்ப எழுதணும் றம்ஸீன். இவன் செஞ்சத என்ட முகத்தப் பாத்துப் பொறுத்துக்க."

றம்ஸீன் காக்கா எழுந்து, கதிரையைத் துடைத்து என் பக்கம் தள்ளினார். "இரிங்க சேர்."

"காக்கா, என்ன மனே எண்டே கூப்பிடுங்க."

"அந்தப் புள்ளைக்கு நான் கடிதம் எழுதிக் குடுத்தன் சேர். படிக்கப் போன புள்ள, திரும்பி வரல்ல." விசைப்பலகையைப் பார்த்தபடி சொன்னார். "பிழையெண்டா இந்தக் கடைக்கு வந்து சொல்லியிருந்தா அண்டைக்கே மாத்தியிருப்பன். ஊருக்குச் சொல்லிட்டு எனக்கிட்ட வந்திருக்கீங்க."

எழுதினார். எந்த வாய்க்கால், எத்தனையாவது மதகு, எந்தத் திகதிக்குள். நான் பதிவில் சொன்னபடியே. கடைசியில் அந்த வரி இல்லை. தாளை ஒற்றைக் கையால் என்னிடம் நீட்டினார். பிஸ்மி சொல்லவில்லை.

"வட்டம் போடுறதெண்டா போடுங்க சேர். சிவப்புப் பேனை அந்தா இருக்கு."