பத்தாவது ஃப்ரேம்

போன இரண்டு பெருநாளும் என்னைக் கவிழ்த்துவிட்டன. நாங்கள் இருக்கும் கேட்டி என்ற அமெரிக்க ஊரில், பூங்கா மைதானத்தில் தொழுகை முடிந்ததும் மொத்த ஜமாத்தையும் ஒரே நீளப் படமாக எடுப்பது என் பிடிவாதம். டிரைபாடில் கேமராவை இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பத்து படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்ட வேண்டும். ஒரு வருஷம் ஒருவருக்குத் தலை இல்லை. மறு வருஷம் மைதானமே கோணிக்கொண்டது.

"போன்லயே பனோரமா இருக்கே, எதுக்குங்க இவ்ளோ அவஸ்தை?" என்றாள் மனைவி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் விடுவதாக இல்லை.

இந்த வருஷம் விடவும் முடியாது. இரண்டு தெரு தள்ளிப் பன்னிரண்டு வருஷமாக இருந்த நண்பனுக்கு வேலை போய்விட்டது. விசா கெடு முடிகிறது. பெருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சென்னைக்குக் கிளம்புகிறான். "மச்சான், எல்லாரும் இருக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ குடுத்துடுடா. அங்க சுவத்துல மாட்டிக்கிறேன்" என்று கேட்டிருந்தான்.

தொழுகைக்குப் பிறகான குத்பா பிரசங்கமும் முடிந்து எல்லோரும் எழுந்ததும் ஆரம்பித்தேன். பெருநாளன்று யாரை ஆடாமல் நிற்கச் சொல்ல முடியும்? ஆளாளுக்குக் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது முடித்துப் பத்தாவதை அழுத்தும்போது, அவனே எதிரில் வந்து டிரைபாடோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டான். "ஈத் முபாரக்டா!"

"அடப்பாவி, கெடுத்துட்டியேடா!" என்று கத்தினேன். அந்தப் படம் முழுக்க வெள்ளைக் கலங்கல். தூக்கிப் போட்டேன்.

மீதி ஒன்பதை ஒட்டிப் பார்த்தால் அவன் நாலு இடத்தில் இருந்தான். கேமரா திரும்பிய திசையிலேயே அவனும் ஒவ்வொருவராகத் தழுவிக்கொண்டு வந்திருக்கிறான். ஒரே ஆள் நாலு பேராக இருக்கலாமா? ஆபீஸ் விட்டு வந்து மூன்று நாள் உட்கார்ந்து, மூன்று பேரை அழித்து அங்கே புல்லை நிரப்பினேன். சனிக்கிழமை மதியம் அவன் வீட்டில் பெட்டிகளுக்கு நடுவே லேப்டாப்பைத் திறந்து காட்டினேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். "என்னடா இது, மூணு பேர் காத்தைக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறாங்க!" என் மானமே போயிற்று. சிரிப்பு அடங்கியதும் அவன் படத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தேடினான்.

"எல்லாரும் இருக்காங்க. நீ எங்கடா?"

லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் வேலையைக் கடாசினேன். நாலு பேரும் திரும்பி வந்தார்கள். தூக்கிப் போட்ட பத்தாவதையும் மீட்டேன். சாஃப்ட்வேர் அதை ஏற்கவில்லை. பொருத்திப் பார்க்க ஒரு புள்ளிகூட இல்லையாம். அதைச் சொல்ல நீ யார் என்று, வலது ஓரத்தில் கையாலேயே நகர்த்தி நகர்த்தி ஒட்டினேன். அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒட்டினேன். கடை மூடுவதற்குள் பிரிண்டும் போட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை ஏர்போர்ட்டில் சுருளைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தவன் கடைசியில் இருந்த வெள்ளைக் கலங்கலில் விரலை வைத்தான். "இது என்னது?"

"என்னைக் கட்டிப் புடிச்சப்போ உன் ஜிப்பாடா. அதுக்கு இந்தப் பக்கம் நான் நிக்கிறேன்."