நெல்வா குவேயார் காட்டிய அசைவு

நெல்வா குவேயார் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கிண்ணத்தைக் கையில் ஏந்தி, ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்தபடியே நிலக்கடலை சூப்பைக் குடித்து முடித்துவிடுவார். ஆஸ்பத்திரிகளில் ரத்தம் சோதிக்கிற என்னைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அவர் வேலை. மலைமேல் இருக்கிற சூக்ரே நகரத்திலிருந்து கீழே சாக்கோ சமவெளி வரை அவர் பஸ் ஏறாத ஊர் இல்லை.

அவரும் ஒரு காலத்தில் சூக்ரேயில் மாணவிதான். சோதனை பழக வேறு யார் ரத்தம் கொடுப்பார்கள்? மாணவர்கள் ஒருவர் கையில் ஒருவர் ஊசி குத்திக்கொள்வார்கள். அன்றைக்குச் சாகஸ் நோய்க்கான சோதனை. வகுப்பில் நெல்வாவின் ரத்தம் மட்டும் நோய் இருப்பதாகக் காட்டியது. ஆசிரியர் தடுமாறிப்போய், "சோதனை மருந்து பழசாயிருக்கும்மா, கீழே ஊத்திடு" என்றார். நெல்வா ஊற்றவில்லை. புது மருந்தில் மறுபடி செய்தார். பதில் மாறவில்லை.

மண்சுவர் விரிசலில் பதுங்கியிருந்து தூங்குகிறவர்களின் ரத்தம் குடிக்கும் வின்சூக்காப் பூச்சி; அதன் எச்சத்தில் இருக்கிறது அந்தக் கிருமி. தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பல வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுக் கடைசியில் இதயத்தில் கைவைக்கும். அன்று மாலை தோழிகள் ஒரே குவளையில் சிச்சா என்ற சோளக் கள்ளைக் குடித்தார்கள். நெல்வாவுக்கு மட்டும் தனிக் குவளை வந்தது.

"குவளையில ஒட்டாதுடி! ஒரே புஸ்தகத்தைத்தானே படிச்சோம்?" என்று சண்டை போட்டதாகச் சொல்வார்.

பெரியவர்களுக்கு மருந்து கொடுத்தால் பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். பிறந்த குழந்தைக்கு அநேகமாக முழுசாகக் குணமாகிவிடும். ஆனால் யாராவது கண்டுபிடிக்க வேண்டும். குழந்தையின் ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சுழலவிட்டு, சிவப்பும் தெளிவும் பிரிகிற கோட்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கிருமிக்கு நிறமில்லை. உயிரோடு துடிக்கும், அவ்வளவுதான். எங்களுக்குப் பயிற்சியில் காட்டியதோ சாயமேற்றிய வண்ணப் படங்கள். என் ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட அதை உயிரோடு பார்த்ததில்லை.

"படத்துல இருக்கிறவன் செத்தவன். செத்தவன் மூஞ்சியைக் காட்டி உயிரோட இருக்கிறவனைப் பிடின்னா எப்படிப் பிடிப்பாங்க?" என்று மேலதிகாரிகளிடம் கத்திக் கத்தி, கடைசியில் ஒரு மைக்ராஸ்கோப்பையும், ஒரு பிளாஸ்க்கில் நோய் ஏற்றிய எலியின் ரத்தத்தையும் வாங்கிக்கொண்டு மொந்தேயாகுதோ ஊருக்குக் கிளம்பினார். எட்டுப் பேருக்கு வகுப்பு. அவர்களில் நானும் ஒருத்தி. சூக்ரேயில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நான் அதே பஸ்ஸில் வந்தேன்.

பாதி வழியில் மறியல். ரோட்டில் பாறைகளும் மரமும். ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்று ஊரே உட்கார்ந்து கோக்கா இலை மென்றுகொண்டிருந்தது. நெல்வா பிளாஸ்க்கை அணைத்தபடி இறங்கிப் போனார். மறியல் தலைவர் டோன் காசியானோ பாறைமேல் உட்கார்ந்திருந்தார். ஆண்களை டோன் என்றும் பெண்களை டோன்யா என்றும் மரியாதையாக அழைப்பது எங்கள் வழக்கம்.

"பிளாஸ்க்குல என்ன டோன்யா?"

"எலி ரத்தம்."

"அடடா, சூப்புக்கு ஆகுமா?" கூட்டம் சிரித்தது.

"விளையாடாதீங்க டோன் காசியானோ. வெயில்ல இதுல இருக்கிற கிருமி செத்துப்போயிடும். எங்களை மட்டுமாவது விடுங்க."

"பாலத்துக்காக நாங்க எத்தனை மழைக்காலம் காத்திருந்தோம்? உங்க எலி ஒரு நாள் காத்திருக்கட்டும்."

நெல்வா ரோட்டில் மேலும் கீழும் நடந்தார். ஈரத் துணியைப் பிளாஸ்க்கில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி நனைத்துச் சுற்றினார். பார்க்கிற எனக்கே தலை சுற்றியது. கடைசியில் பொறுக்காமல், ரோட்டோரமிருந்த பள்ளிக்கூடத்து ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பை வைத்து, கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்து, ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் போச்சு."

வெளியே போய் மறுபடி நடந்தார். திடீரென்று டோன் காசியானோவுக்கு முன்னால் போய் நின்றார்.

"உங்க வீட்டுல வின்சூக்கா இருக்கா?"

காசியானோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சு இது? எங்க வீடு சுத்தமான வீடு!"

பின்னாலிருந்து அவர் மனைவி, "பொய் சொல்லாதய்யா! நேத்து கட்டிலுக்குப் பின்னால நசுக்கினியே, அது என்ன பட்டாம்பூச்சியா?" என்றாள்.

இந்தத் தடவை கூட்டம் காசியானோவைப் பார்த்துச் சிரித்தது.

அவர்கள் வீட்டுக்குப் போய், கையுறை மாட்டிக்கொண்டு கட்டிலை நகர்த்தினோம். விரிசலில் குச்சியை விட்டதும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் அடைத்தோம். ஒரு பூச்சியின் எச்சத்தை உப்புநீரில் கலந்து கண்ணாடியில் வைத்தார் நெல்வா. குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. பிறகு என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"பாரு சுல்மா."

"ஒண்ணும் தெரியலையே."

"தேடாதே. சும்மா பாரு. ஏதாவது ஒண்ணு உன்னைத் தொந்தரவு பண்ணும்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். தூசி. நீர்க்குமிழி. ஓரத்தில் ஒரு துகள் நடுங்கியது, நின்றது, நடுங்கியது. பிறகு நெளிந்தோடியது. அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் துடிப்புதான்.

டோன் காசியானோவும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். வாயில் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

"இது எங்க உடம்புலயும் இருக்குமா?"

"சில பேருக்கு இருக்கும். எனக்கு இருக்கு."

அவர் மனைவி நெல்வாவை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ ஓரிடத்துல உக்காராம ஏன்மா இப்படி அலையுறே?"

"உக்காந்தா நெஞ்சு துடிக்கிறது கேக்குது. நடுநடுவுல ஒண்ணு தப்புறதும் கேக்குது."

அன்று மறியல் கலையவில்லை. ஆனால் காசியானோவே மைக்ராஸ்கோப்புப் பெட்டியைக் கழுதைமேல் ஏற்றி, ஆற்றுக்கு அப்பால் நின்ற ஒரு லாரி வரை கொண்டுவந்து விட்டார். பூச்சி பாட்டிலோடு மொந்தேயாகுதோ போய்ச் சேர்ந்தோம். எட்டுப் பேரும் அந்த அசைவைக் கண்ணால் பார்க்கும் வரை நெல்வா யாரையும் வெளியே விடவில்லை. ஒருவன் "பார்த்துட்டேன், பார்த்துட்டேன்" என்று நழுவப் போனான். "எந்தப் பக்கம் ஓடுச்சு, சொல்லு?" என்று திரும்ப உட்காரவைத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் ஃபிதேலியா சாங்கராய் என்ற குவாரானிப் பழங்குடிப் பெண்ணுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. அவளுக்கு நோய் இருந்ததால், அவன் ரத்தம் எடுத்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கோட்டருகே ஏதோ ஒன்று என்னைத் தொந்தரவு செய்தது. நெல்வாவுக்குப் போன் செய்தேன்.

"டோன்யா, அசையுது!"

"இன்னொருத்தரையும் பார்க்கச் சொன்னியா?"

"சொன்னேன். அவளும் பார்த்துட்டா."

"மருந்து?"

"இங்க இல்லையாம்."

மறுநாள் மருந்தோடு அவரே வந்து இறங்கினார். ஃபிதேலியா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "பால் நல்லாக் குடிக்கிறான், நல்லாத் தூங்குறான். இவனுக்கா நோய்? கசப்பு மருந்தெல்லாம் குடுக்க மாட்டேன்."

நெல்வா அவள் கட்டிலைச் சுற்றி நடந்தார். பிறகு நின்றார். "நானும் நல்லாத்தான் பால் குடிச்சேனாம். எங்கம்மாகிட்ட அன்னிக்குச் சொல்ல ஆளில்லை."

ஃபிதேலியா குழந்தையை மடியில் கிடத்தினாள். பிறகு மருந்துக்குக் கைநீட்டினாள். இரண்டு மாதம் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கரைத்துக் கொடுத்தாள். அடுத்த வருஷச் சோதனையில் பையன் உடம்பில் ஒன்றுமில்லை. நான் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். நெல்வா நின்றபடி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்:

"இதுக்கு முன்னாடி எத்தனை பிள்ளைங்க நம்ம கண்ணுல படாமப் போச்சு, சுல்மா?"

நோயுள்ள தாய்மாரின் வீடுகளைத் தேடிக் கிளம்பினோம். மணலில் மோட்டார் சைக்கிள் புதையும், இறங்கித் தள்ளுவோம். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுவார், போதும் என்றால் கோபம் வரும். இரண்டு குழந்தைகளுக்கு நோய் இருந்தது. இருவரும் மருந்து குடித்தார்கள். ஒரே ஒரு பெண் குழந்தையை மட்டும் பார்க்க முடியவில்லை. அந்தக் குடும்பம் கரும்பு வெட்ட எல்லை தாண்டி அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டாருக்கும் எந்த ஊர் என்று தெரியவில்லை.

போன மாதம் நெல்வாவின் நெஞ்சில் துடிப்பைச் சீராக்கும் கருவி வைத்தார்கள். டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். நேற்று எனக்குப் போன் வந்தது. பின்னால் பஸ்களின் இரைச்சல்.

"எங்க இருக்கீங்க டோன்யா?"

"எல்லையில. இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிப் பொண்ணுங்களுக்கு வகுப்பு எடுக்கக் கேட்டிருக்காங்க. கரும்பு அறுவடைக்குப் போறவங்க எல்லாரும் இந்த வழியாத்தானே வந்து போவாங்க? அந்தப் பெண் குழந்தையோட பேர் என்ன, இன்னொரு தடவை சொல்லு."